அப்புச்சி மோதிரமும் 58.2ம்

நிச்சயத்துக்கு மோதிரம் மாத்தறதுங்கறது எங்கூருப் பக்கம் பெருசா இருந்த பழக்கமே இல்லைங்க, உப்புச்சக்கரை மாத்துனா பேச்சு முடிஞ்சுது, அதுக்கு மேல தாலியும் மெட்டியும்தான் கணக்கு. இப்ப என்னடான்னா மண்டபத்துல ஸ்டேஜ் போட்டு போட்டோகிராபர் "சார் மெதுவா, மோதிரத்த பாதி வெரல்ல நிறுத்துங்க"ன்னு சொல்ற அளவுக்கு வந்துருச்சு. எங்க அமுச்சி (அம்மாவப் பெத்தவங்க) கேட்டது ஒரே கேள்விதான், "பாதி வெரல்ல நிறுத்தி என்ன கண்ணு பண்றது, மாட்டறதுன்னா மாட்டோணும்".

எனக்கு தை மாசம் நிச்சயம், மோதிரம் பாக்க மூணு வாரமா கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுல அலைஞ்சதுல செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். என்னோடது சுலபமா முடியும்னு நெனச்சேன், அம்மா விடல, வைரம்னா மூணு நாள் தலகாணிக்கு அடில வெச்சு தூங்கிப் பாக்கோணுமாம், கெட்ட கனா வந்தா ஒத்துக்காதாம். கடைக்காரர்கிட்ட இதச் சொன்னா அவரு சிரிக்கவே இல்ல, "பாருங்கம்மா, பில்லு போட்டு எடுத்துட்டுப் போங்க, ஒத்துக்கலைன்னா மாத்திக்கலாம்"ன்னாரு, தெனம் பாக்கற கேசு போல. லேப்ல செய்யற வைரத்தையும் காட்டுனாங்க, அதே அளவு கல்லு வெல பாதிக்கும் கீழ, கண்ணுல பாத்தா ஒரு வித்தியாசமும் இல்ல, சாதாரண டெஸ்டர்லயும் வைரம்னே காட்டும், சர்டிபிகேட்ட வெச்சுத்தான் தெரியும். ஆனா திருப்பி விக்கப் போனா ஒண்ணும் தேறாது. நான் விக்கறதுக்கா வாங்கறேன்னு கேட்டா அம்மா முறைக்கறாங்க, கொங்கு நாட்டுல ஆத்திர அவசரத்துக்கு அடகு வெக்க முடியாத நகை நகையே இல்லைங்க. கடைசில பத்து சென்ட் (கல்லு எடைல காரட்டுல பத்துல ஒரு பங்கு) நிஜ வைரம் ஒண்ணே ஒண்ணு, 18 காரட் தங்கத்துல (22ல கம்பி மெத்துனு இருக்கும், கல்லு நிக்காது). ஹால்மார்க் பக்கத்துல அந்த ஆறு எழுத்து நம்பர் இருக்குல்ல, 2023 ஏப்ரல்ல இருந்து அது இல்லாம கடைல விக்கக் கூடாது, அத அங்கயே நின்னு கவர்மெண்டோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன். லென்ஸ் குடுங்கன்னு கேட்டதுக்கு பக்கத்துல இருந்தவங்க ஒரு மாதிரி பாத்தாங்க, பாக்கட்டும்.

மாப்ளை மோதிரத்துக்குத்தான் பெரிய ரோதனை. அவரு பிளாட்டினம் வளையம் வேணும்னாரு, அப்பா தங்கம்தான்னாரு, நடுவுல அமுச்சி வெத்தலப் பெட்டிய தொறந்து அப்புச்சி (அமுச்சியோட வீட்டுக்காரரு) மோதிரத்த எடுத்து என் கைல வெச்சுட்டு "மாப்ளைக்கு இதப் போடு"ன்னுச்சு. அம்மா மொகம் மாறிப் போச்சு.

ஏன்னா அந்த மோதிரத்துக்கு ஒரு கதை இருக்கு. 1964ல அமுச்சி கல்யாணத்துல அவங்க அப்பா மாப்ளைக்குப் போட்டது, மேல சதுரப் பட்டை, அதுல அப்புச்சி பேரோட மொத எழுத்து. பொறவு ஒரு தடவ மஞ்சள் வெல விழுந்து கையில காசில்லாம அடகு வெக்கப் போனப்ப ஒரசிப் பாத்துட்டு மட்டத் தங்கம்னு சொல்லிட்டாங்களாம். அன்னைக்குப் புடிச்சது, அப்புச்சியோட அக்காளுக சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுனாங்க, "பித்தளையப் போட்டு புள்ளையத் தள்ளி விட்டவன் மக"ன்னு. ஒறம்பரை கூடுன எடத்துல எல்லாம் இதே பேச்சு. எங்க அம்மா சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவங்க, அந்த மோதிரம் சபைல வரவே கூடாதுங்கறது அவங்க முடிவு.

நான் கேக்காம கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அப்புச்சி கடைசி காலத்துல வெரல் எளச்சுப் போயி மோதிரம் கழண்டு கழண்டு விழும், அதுக்காக அடிப்பக்கம் வெள்ள நூல சுத்தி வெச்சிருந்தாரு, அது வேர்வையும் மண்ணும் பட்டு கருப்பாகி கெட்டியா ஒட்டிக் கெடந்துது. கவுண்டர்ல இருந்த பொண்ணு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பிளேடால சரக்குனு அறுத்துட்டா. நூலு சுருண்டு கண்ணாடி மேல விழுந்துது, மோதிரத்தோட வளைவு மாறாம, குட்டி வளையமாட்ட. அத எடுத்து பர்சுல போட்டுக்கிட்டேன். மோதிரத்த காரட் மீட்டருக்குள்ள வெச்சாங்க, அரைப் பவுனுக்கு ஒரு துளி கம்மி, சுத்தம் நூத்துக்கு 58.2. "மேடம் இது 14 காரட்டுங்க, எக்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துக்கங்க"ன்னு அந்தண்ணன் ஆரம்பிச்சாரு.

14ங்கற நம்பர கேட்டதும் எனக்கு பொறி தட்டுச்சு. ஏமாத்தற ஆசாரி கலந்தா கண்டபடி இருக்கும், இது கணக்கா 14ல நிக்குது. பஸ்ல வரும்போது தேடிப் பாத்தா, 1962 சீனா சண்டைக்கு அப்பறம் 1963 ஜனவரில தங்கக் கட்டுப்பாட்டு விதி கொண்டு வந்திருக்காங்க, மொரார்ஜி தேசாய் நிதி மந்திரி, புதுசா நகை செஞ்சா 14 காரட்டுக்கு மேல போகக் கூடாது. நாடு பூரா பொற்கொல்லருங்க பொழப்பு போச்சு, 1966லதான் அந்த 14 காரட் தடைய எடுத்தாங்க. கல்யாணம் 64. அமுச்சியோட அப்பா யாரையும் ஏமாத்தல, சட்டப்படி செஞ்சிருக்காரு.

வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு வாங்க அமுச்சிகிட்ட சொன்னேன், அறுவது வருச அவமானத்த தொடச்சுட்டேன்ங்கற நெனப்புல. அமுச்சி வெத்தலைக்குப் பாக்கு நறுக்கிட்டு இருந்துச்சு, நிமிந்து கூட பாக்கல.

"அது தெரியுங் கண்ணு. பதினாலு காரட்டு சட்டம் அன்னைக்கு யாருக்குத்தான் தெரியாது? ஊரே ராத்திரில ஆசாரி வீட்டுக் கதவ தட்டி பழைய மாதிரியே செஞ்சுக்குச்சு. எங்கப்பன் ஒருத்தன்தான் போலீசு வந்துருவான்னு பயந்துக்கிட்டு சட்டப்படி செஞ்சான். அவங்க எச்சாப் பேசுனது தங்கத்துக்கில்ல, ஊரே செஞ்சத எங்கப்பன் செய்யலைன்னு."

"அப்ப ஏன் அமுச்சி நீ திருப்பிச் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது, எங்கப்பன் பயந்தாங்கொள்ளின்னா?"

எனக்கு பேச்சே வரல. அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டு எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி "மாப்ளைகிட்ட கேளு, பழசப் போட்டுக்குவாரான்னு"ன்னு அவங்களே சொன்னாங்க.

இன்னொண்ணு சொல்லணும். அமுச்சியோட நெளி மோதிரம் முழு 22, அது தேஞ்சு தேஞ்சு கம்பியாட்ட ஆயிருச்சு. இது அப்புச்சி மண்வெட்டி புடிச்ச கையில காலமெல்லாம் கெடந்தும் அந்த எழுத்து இன்னும் வெட்டுன மாதிரியே நிக்குது, 14 காரட்டுல செம்பும் வெள்ளியும் எச்சா, அதனால கெட்டி. இப்ப ஹால்மார்க்குலயே 14 காரட்டுக்கு 585ன்னு (ஆயிரத்துல 585 பங்கு தங்கம்) தனி முத்திரை இருக்குங்க, அன்னைக்கு மட்டம்னு ஒதுக்குனதுக்கு இன்னைக்கு கவர்மெண்டே சீல் குத்துது.

அவரு ஒரே வார்த்தைல சரின்னுட்டாரு, பிளாட்டினம் பேச்சையே எடுக்கல (எடுப்பாரு, கல்யாணத்துக்கு அப்பறம், எனக்குத் தெரியும்). போட்டுப் பாத்தா கொஞ்சம் லூசு. ராஜ வீதில ஒரு வயசான ஆசாரி, அடில வெட்டி ஒட்டித் தரேன், ஆனா பொடி வெச்சு ஒட்டற எடம் நெறம் மாறாம பாக்கோணும், ஒரு வாரம் ஆகும்னாரு. அமுச்சிகிட்ட போன்ல கேட்டேன்.

"வெட்டாதீங்க. கல்யாணமான ஆறு மாசத்துல மாப்ளைக்கு ஒடம்பு போட்டுரும். அது வரைக்கும் நூலச் சுத்திக்கச் சொல்லு."

நேத்து அவரு வீட்டுத் திண்ணைல உக்காந்து புது நூலு சுத்தி விட்டேன். மூணு தடவ அவுந்துது, நாலாவது தடவதான் நின்னுச்சு.