பூனை மேல் மட்டும் பழி போடாதீர்கள்

வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றதும் முதலில் பலியாவது பூனைதான். எங்கள் தெருவில் ஒரு மாமியார், மருமகளுக்கு நாள் தள்ளிப்போன மறுவாரமே, வருஷக்கணக்காகச் சோறு போட்டு வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்துவிட்டார். காரணம் டாக்ஸோபிளாஸ்மா, பூனை மலம் வழியாகப் பரவும் ஓர் ஒட்டுண்ணி.

பயம் பொய்யில்லை. கர்ப்பகாலத்தில் முதல்முறையாக இந்த ஒட்டுண்ணி தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆனால் பூனை இதன் முட்டைக் கூடுகளை மலத்தில் வெளியேற்றுவது பெரும்பாலும் தனக்கு முதல்முறை தொற்றும்போது மட்டும்தான், அதுவும் ஒன்று முதல் மூன்று வாரம், அப்படி வந்த கூடும் ஒரு நாளாவது வெளியே கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். ஆகவே தினமும் வேறு யாராவது மலத்தை அள்ளிப்போட்டால் போதும். வீட்டுக்காரரை அள்ளச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

சரியாக வேகாத கறி மூலமும் இதே ஒட்டுண்ணி தொற்றும், ஆனால் கறி விஷயத்துக்குத்தான் யாரும் பயப்படுவதில்லை. 1965ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இருக்கிறது. பாரிஸ் பகுதி சானடோரியம் ஒன்றில், உடம்பு தேறட்டும் என்று குழந்தைகளுக்கு அரைவேக்காட்டு இறைச்சி கொடுத்தார்கள். வருஷத்துக்கு 10 சதவீதமாக இருந்த தொற்று, மாட்டுக்கறியோ குதிரைக்கறியோ சேர்த்ததும் 50 ஆனது, சரியாக வேகாத ஆட்டுக்கறியும் சேர்ந்ததும் 100. குக்கரில் விசில் விட்டு இறக்கும் நம்ம ஊர் மட்டன் குழம்பில் அந்தக் கவலை இல்லை. உள்ளே சிவப்பாக இருக்கும் ஸ்டேக், சரியாக வேகாத கபாப், பச்சைக் கறி வெட்டிய கையோடும் கத்தியோடும் வெள்ளரிக்காய் நறுக்குவது, இதெல்லாம்தான் கவனிக்க வேண்டியவை.

அப்புறம் தண்ணீர். 2004-05ல் கோயம்புத்தூரில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஒட்டுண்ணியால் விழித்திரை அழற்சி வந்தது. மருத்துவர்கள் சந்தேகித்தது குடிநீரை. மண்ணில் கலந்த கூடு ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும், மழையோடு எங்கு வேண்டுமானாலும் போகும். அதை எந்தச் சாக்கில் கட்டுவது?

கடைசியாக, டார்ச் டெஸ்டில் (கருவைப் பாதிக்கும் தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) ஐஜிஜி, அதாவது தொற்றுக்குப் பின் நெடுநாள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள், பாசிட்டிவ் என்று பார்த்ததும் அழுதுகொண்டே எனக்கு போன் செய்கிறவர்களுக்கு: தொற்றின் தொடக்கத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் அது பெரும்பாலும் பழைய தொற்று, உடம்பில் எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் உடனே முடிவு கட்டாதீர்கள், அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். தொற்று பழையதா புதியதா என்று கணிக்க உதவும் அவிடிட்டி டெஸ்ட் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.