வரி நோட்டில் இல்லாதவர்கள்

சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் நாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளனாக இருந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். லாரி லாரியாக அரிசியும் பாத்திரமும் வந்து இறங்க, எங்கள் அலுவலகத்துக்கோ பயனாளிகள் பட்டியல் பற்றித்தான் கவலை. வீடு வீடாகக் கணக்கெடுத்து, அதிகம் இழந்தவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ஊரில் அந்தப் பட்டியலை யாரும் சீந்தவில்லை. “எது வந்தாலும் பஞ்சாயத்துல ஒப்படைச்சிடுங்க சார். வரிக்குச் சமமாப் பிரிச்சுக்குவோம்” என்றார் ஊர்த் தலைவரான நாட்டார்.

அரசின் ஊராட்சி வேறு, இந்த ஊர்ப் பஞ்சாயத்து வேறு. பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களில் என்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, எந்த வலையை இறக்கக் கூடாது, பக்கத்து ஊரோடு தகராறு என்றால் யார் போய்ப் பேசுவது, எல்லாம் கோயில் முன்னால் கூடித்தான் முடிவாகும். கல்யாணமான ஆண் ஊர் வரி கட்டுவார். கட்டுகிறவருக்கு ஒரு பங்கு. வெளியூர்க்காரர்கள் இதைக் கட்டப் பஞ்சாயத்து என்று ஒதுக்கியதுண்டு. படகு போனவருக்கும் போகாதவருக்கும் ஒரே அளவு அரிசியா என்று நான் கேட்டேன். “இன்னைக்கு ஒருத்தனுக்கு இல்லன்னுட்டா, நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே போட்ல எப்படி சார் ஏறுவாங்க?” என்றார் நாட்டார். டீசல் காசு போக மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கரையிலேயே பிரித்துப் பழகியவர்கள். எங்கள் படிவங்களில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஆனால் அந்த வரி நோட்டில் எல்லோரும் இல்லை. உப்பனாற்றில் இறால் பிடித்தும் வயல் கூலிக்குப் போயும் பிழைத்த தலித் குடியிருப்பு அதில் வராது. அவர்களுக்கு நேரடியாகத்தான் கொடுத்தோம். ஊருக்குள்ளேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். வரி கட்ட ஆணில்லாத வீட்டுக்குப் பங்கும் இல்லை. கோயில் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் அங்கே இதைக் கேட்கவும் ஆளில்லை.

அவர்கள் பேசுகிற இடம் வேறு. விடியற்காலையில் அன்னக்கூடையோடு ஏலத்துக்குக் காத்திருக்கும்போது, எந்தத் தெருவில் எந்த வீடு ஆணில்லாமல் நிற்கிறது என்று மீன்காரப் பெண்கள் மடமடவென்று சொன்னார்கள். மகளிர் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவை ஏறின. பஞ்சாயத்தார் சிலரின் மனைவிமாரும் அதே குழுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று. நாங்கள் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் பாதிப் பேச்சு அடுப்படியிலேயே முடிந்திருந்தது.

அரைப் பங்கு என்று தீர்ந்தது. முழுப் பங்குக்கு நிற்காமல் விட்டுவிட்டோம் என்று அலுவலகத்தில் சிலருக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறொரு நிறுவனம் பாத்திரம் கொண்டுவந்தபோது யாரும் கேட்காமலே அந்த வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பெயர் நோட்டில் ஏறியிருந்தது.