நூறு குழலுக்கு ஒரு வாழையிலை

வியட்நாமின் சைகோனில் இறங்கிய முதல் நாளே அந்தப் புல் என் கைக்கு வந்துவிட்டது. பலகைகளில் ஹோ சி மின் நகரம் என்றிருந்தாலும் ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். நண்பன் வீட்டுச் சந்தில் ஒரு சின்னக் காப்பிக்கடை. எலுமிச்சைச் சாறு கேட்டேன். உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ், சாறு, நடுவே ஒரு பச்சைத் தண்டு. அலங்காரத்துக்குச் செருகியிருக்கிறார்கள் என்று எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். "அதுலதான் உறிஞ்சணும்" என்றான் நண்பன்.

உதட்டில் வைத்தால் வழவழப்பாக இருந்தது. சாறு எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. குடித்து முடித்துவிட்டு நுனியைக் கடித்துப் பார்த்தேன். வாய்க்கால் ஓரத்துக் கோரையைப் பிடுங்கிக் கடித்தால் வருமே, அதே பச்சை வாசனை. சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து, அதில் சோப்பு நுரை ஊதியதும், அதையே கழுவி மோர் உறிஞ்சியதும் நினைவுக்கு வந்தது. அப்போது அதற்கு ஸ்ட்ரா என்ற பேர்கூட எங்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே வைக்கோல் என்றுதான் பொருள். 1888இல் அமெரிக்காவில் மார்வின் ஸ்டோன் காகிதக் குழலுக்குக் காப்புரிமை வாங்கும்வரை அங்கேயும் கோதுமைக்கு நெருங்கிய இனமான ரை தானியத்தின் தண்டில்தான் உறிஞ்சியிருக்கிறார்கள். அது சீக்கிரம் ஊறிப்போகும், பானத்தில் புல் வாடை ஏறும். அந்தக் குறைக்காகத்தான் காகிதம் வந்தது, காகிதத்தின் குறைக்காக பிளாஸ்டிக் வந்தது.

இந்தப் பச்சைத் தண்டு எங்கே விளைகிறது என்று கேட்டேன். "லாங் ஆன்" என்றாள் நண்பனின் மனைவி. அவள் அந்தப் பக்கத்துப் பெண். எனக்குத் தங்கச்சி மாதிரி. "ஒரு நாள் போதும், போய்விட்டு வரலாம்" என்று அவளே கிளம்பிவிட்டாள்.

டெட் புத்தாண்டு முடிந்த இரண்டாவது வாரம் அது. இரண்டு பைக்குகளில் விடிவதற்கு முன்னே புறப்பட்டோம். நான் போனபோது லாங் ஆன் தனி மாகாணம். 2025 ஜூலையில் அதைத் தை நின் மாகாணத்தோடு இணைத்துவிட்டார்கள். ஊரின் தொழிற்சாலைகள் தீர்ந்து, வாம் கோ டோங் ஆற்றைத் தாண்டியதும் டுக் ஹுவே வட்டாரம். அதற்கப்பால் கம்போடிய எல்லை.

இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புல்லின் கதை புரியாது. மேகாங் ஆற்றுக் கழிமுகத்தின் வடபகுதியில் டோங் தாப் முய் என்ற பெரிய தாழ்வெளி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கோரைச் சமவெளி என்ற பொருளில் குறித்து வைத்தார்கள். மண்ணுக்கடியில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் படிந்திருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மண்ணில் காற்றுப்பட்டதோ, கந்தக அமிலம் ஊறத் தொடங்கிவிடும். அதைத்தான் அங்கே ஃபென் என்கிறார்கள். ஒரு வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கரை மண்ணில் மஞ்சள் திட்டுக்கள், தண்ணீரில் துருவின் நிறம். நெல்லுக்கு ஆகாத தண்ணீர்.

அந்தத் தண்ணீரில்தான் இந்தப் புல் தழைக்கிறது. உள்ளூர்ப் பெயர் கோ பாங். தாவரவியலில் லெப்பிரோனியா ஆர்ட்டிகுலேட்டா. சரியாகச் சொன்னால் புல்லே இல்லை, நம் கோரையின் குடும்பம். இலை என்று ஒன்றும் கிடையாது. தரையிலிருந்து ஒரே தண்டாக ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. நெல் வைத்தவருக்குக் களை, பாய் முடைபவருக்கு மூலப்பொருள். தலைமுறை தலைமுறையாக இதைப் பிடுங்கி, காயவைத்து, தட்டையாக இடித்துப் பாயும் பையும் தொப்பியும் முடைகிறார்கள். 2019இல் இந்த மாகாணத்து இளைஞர் ஒருவர் இதிலிருந்து குழல் செய்யும் காணொளி இணையத்தில் பரவியது. அதன் பிறகு வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

நாங்கள் போனது பெரிய தொழிற்கூடம் அல்ல. தங்கச்சிக்குத் தெரிந்த ஒரு வீடு. தகரக் கொட்டகைக்குக் கீழே நான்கு பெண்கள் குந்தியிருந்தார்கள். மூத்தவரை அவள் "பாக்" என்று கூப்பிட்டாள். அம்மா அப்பாவைவிட வயதில் மூத்தவர்களுக்கு அந்த முறை. அங்கேயும் நம்மைப் போலத்தான், முன்பின் தெரியாதவரையும் அக்கா, அத்தை, பெரியம்மா என்று ஏதாவது ஒரு உறவு வைத்துத்தான் கூப்பிட முடியும். நானும் பாக் என்றே கூப்பிட்டேன். உடனே தேநீர் வந்தது.

புல்லை அறுப்பதில்லை, பிடுங்குகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு கைப்பிடி தண்டைச் சேர்த்துப் பிடித்து, மேல்நோக்கி ஒரே இழுப்பு. அடி வெள்ளையோடு கழன்று வருகிறது. வேர்க்கிழங்கு சேற்றிலேயே தங்கிவிடுவதால் மறுபடியும் தளிர்க்கும். கட்டுக் கட்டாகக் கரைக்கு வந்ததும் அலசி, பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். நுனி மெல்லியது, பாய்க்குப் போகும். நடுப்பகுதிதான் குழலுக்கு. ஏறக்குறைய இருபது சென்டிமீட்டருக்குத் துண்டு போடுகிறார்கள். மரப்பலகையில் அடித்த இரண்டு ஆணிதான் அளவுகோல்.

இதுவரை பார்த்தபோது, அப்புறம் என்ன, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு துண்டை எடுத்து ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை.

பாக் சிரித்துவிட்டு ஒரு தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்ளே வெள்ளைச் சவ்வுகள். ஒரு விரற்கடைக்குள்ளேயே இரண்டு மூன்று, வெங்காயத் தோலைவிட மெல்லியவை, குறுக்கே குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றன. தண்டு வெளியே ஒரே வழவழப்பு, உள்ளே அடுக்கடுக்கான அறைகள். ஆர்ட்டிகுலேட்டா என்றால் கணுக்கணுவானது என்று பொருள். பெயர் வைத்தவர் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சவ்வுகளை ஒவ்வொரு குழலிலும் திறந்தாக வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. முனை கூர்மையில்லை, மழுங்கியது. தண்டின் பருத்த பக்கத்திலிருந்து கம்பியை விட்டு, விரலால் தண்டைச் சுழற்றிக்கொண்டே தள்ளுகிறார்கள். ஒவ்வொரு சவ்வும் உடையும்போது மெல்லிய 'டக்' கேட்கிறது. பழகிய காதுக்கு அந்தச் சத்தம்தான் கணக்கு. பாக் ஒரு குழலை நான் மூச்சுவிடும் நேரத்தில் முடித்தார். எனக்கும் ஒரு கம்பி கொடுத்தார். முதல் தண்டில் நான்காவது சவ்வில் கம்பி பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவதில் நுனி பிளந்தது. "தள்ளாதே, திருப்பு" என்று தங்கச்சி மொழிபெயர்த்தாள். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, சுழற்றும் கையின் உணர்வை நம்பியபோது ஏழாவது தண்டு உருப்படியாக வந்தது. அதற்குள் என் விரல் நுனி ஊறி வெளுத்துவிட்டது. பாக்கின் கட்டைவிரலில் கம்பி உரசும் இடத்தில் ஒரு தழும்பு, பளபளவென்று, நகம் மாதிரிக் கெட்டியாக இருந்தது.

கம்பி விட்ட பிறகு உள்ளே தூசியும் சவ்வுத் துணுக்கும் இருக்கும். சின்ன பிரஷ்ஷால் தேய்த்து அலசுகிறார்கள். அப்புறம் உப்புத் தண்ணீரில் ஊறல். பச்சையாக விற்பதென்றால் அவ்வளவுதான். நூறு நூறாக எண்ணி வாழையிலையில் சுருட்டி, அதே புல்லின் நாரால் கட்டிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். காய்ந்த குழல் வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பி, கடைசியில் அடுப்பில் சூடேற்றி ஈரத்தை முழுக்க வாங்கிவிடுகிறார்கள். அது ஆறு மாதம்வரை கெடாது. எந்தப் பசையும் இல்லை, பூச்சும் இல்லை. முற்றத்தில் மூங்கில் தட்டிகளின் மேல் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்த குழல்களைக் கோழி மிதிக்காமல் ஒரு சிறுமி காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

2019இல் பேசப்பட்ட விலை, பச்சைக் குழல் ஒன்று 600 டோங், காய்ந்தது 1000 டோங். நம் கணக்கில் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பிளாஸ்டிக்குடன் வைத்துப் பார்த்தால் இது பல மடங்கு. அந்தக் கொட்டகையில் அரை மணி நேரம் குந்தியிருந்தவர் யாரும் இந்த விலையை அதிகம் என்று சொல்லமாட்டார். புல்லுக்கு விலை இல்லை, அது சும்மா கிடைக்கிறது. விலை முழுக்க அந்தச் சவ்வுகளைத் திறக்கும் விரல்களுக்குத்தான்.

புல் சும்மா கிடைப்பதும் இனி எத்தனை நாள் என்று தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் மேடு கட்டிப் போட்ட எலுமிச்சைத் தோட்டங்கள். விதையில்லாத எலுமிச்சை, ஏற்றுமதிக்குப் போகிறது. சுண்ணாம்பு போட்டு, வாய்க்கால் வெட்டி, அமில மண்ணை மனிதர்கள் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். ஆனால் கோரை நின்ற பள்ளம் ஒவ்வொன்றாகத் தூர்ந்துகொண்டே வருகிறது. மேற்கே ஃபூ மி என்ற இடத்தில் மிச்சமிருந்த கோரைவெளியைக் காக்க 2004இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சாரஸ் கொக்கு இரைதேடி வந்துகொண்டிருந்த இடம் அது. அங்கே அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வேலி போட்டு மக்களை வெளியே தள்ளவில்லை. அங்குள்ள கெமர் என்ற கம்போடிய இனக் குடும்பங்களுக்கு நல்ல முடைச்சல் கற்றுக்கொடுத்து, பைகளுக்கு நல்ல விலை கிடைக்கச் செய்தார்கள். புல்லில் கூலி வந்தால் புல் நிற்கும் என்ற கணக்கு. பாக் வீட்டுக் குழலும் அதே கணக்கைத்தான் போடுகிறது.

காகிதக் குழல் இருக்கிறதே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல், நாடு முழுக்க 2022 ஜூலை முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. அதனால் எங்கும் காகிதம்தான். 2023இல் பெல்ஜியத்தில் 39 வகைக் குழல்களைச் சோதித்தார்கள். காகிதக் குழல் இருபதில் பதினெட்டில் பிஃபாஸ் என்ற, எளிதில் அழியாத ரசாயனம் இருந்தது. அளவு குறைவுதான் என்றாலும், இயற்கைக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்கும் பொருளில் அது எதற்கு? மூங்கிலிலும் ஐந்தில் நான்கில் இருந்ததாம். செடியில் செய்துவிட்டால் மட்டும் போதாது, அது நிற்கும் தண்ணீரும் மண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். பாக் வீட்டுப் பின்பக்கத்து நீரைப் பற்றியும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் கோரையில் இதைச் செய்யலாமா என்ற எண்ணம் வழி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. முடியாது. பாய்க்கோரையின் தண்டுக்குள்ளே வெற்றிடம் இல்லை, வெண்டு அடைத்திருக்கும். சில நாணல்களுக்கு உள்ளே குழி உண்டு, கணுவுக்குக் கணு அறுத்தால் குழல் கிடைக்கும். பெங்களூருவில் கிறைஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் உதிர்ந்த தென்னை ஓலையைச் சுருட்டிக் குழலாக்கியிருக்கிறார். நம் ஊருக்கு அதுதான் பொருத்தம் என்று படுகிறது, தென்னைக்குப் பஞ்சமில்லை.

கிளம்பும்போது காய்ந்த குழல் ஒரு கட்டு வாங்கினேன். பாக் நூறு எண்ணிவிட்டு, மேலே இரண்டு வைத்துக் கட்டினார். ஊருக்கு வந்ததும் பத்தமடையில் பாய் முடையும் ஒரு மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உறிஞ்சுகுழல் என்று சொல்லியும் அவர் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. ஒன்றை எடுத்து நகத்தால் நெடுக்கப் பிளந்தார். உட்புறத்தைத் தடவினார். இரண்டு இழையை முறுக்கி இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பாய்க்குத் தாங்குமான்னு தண்ணியில ரெண்டு நாள் போட்டாத்தான் தெரியும். இன்னும் நாலு வச்சிட்டுப் போங்க."

பத்தாக வைத்துவிட்டு வந்தேன்.