80070643-ஐ ஒருவழியாக ஒழித்துவிட்டேன்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்றேகால் மணிக்கு அப்டேட் ஹிஸ்டரியில் 'சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே பதினேழு 'ஃபெயில்டு'. பதினேழுக்கும் ஒரே பிழை எண், 80070643. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். கல்யாண ஆல்பத்தைக்கூட இத்தனை தடவை திறந்து பார்த்திருக்க மாட்டேன்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2024 ஜனவரி 9-ஆம் தேதி 5034441 என்ற அப்டேட்டோடு வந்து உட்கார்ந்தது. அப்புறம் அப்டேட்டின் எண் மாறியது, பிழையின் எண் மாறவில்லை. எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம், சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரைக் காலி செய்வது என்று வழக்கமான வைத்தியம் எல்லாம் ஆயிற்று. எல்லாரும் செய்வதுதானே, தாண்டிப் போகிறேன்.

எரிச்சல் என்னவென்றால், அந்த எண்ணே தப்பு. 'இடம் போதவில்லை' என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்ற பொத்தாம்பொதுவான பிழை காட்டப்படலாம் என்று அப்டேட்டின் அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. விண்டோஸ் படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுவதற்காக டிஸ்க்கில் தனியாகத் தடுத்து வைத்த பகுதியில், அதாவது ரெக்கவரி பார்ட்டிஷனில், 250 எம்பி காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதைப் படிக்காமல் நான் மெஷினின் மெமரியான ராமைச் சந்தேகப்பட்டேன். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவன் முதலில் ராமைத்தான் சந்தேகப்படுவான். கடல் காற்று அப்படி. வருஷத்துக்கு இரண்டு தடவை ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டாவிட்டால், எங்கள் வீட்டு மெஷின் பீப் பீப் என்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை.

இத்தனைக்கும் இந்த அப்டேட் எனக்குத் தேவையே இல்லை. பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்க்கை, மெஷினைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் ரெக்கவரி வழியாக நுழைந்து பார்த்துவிடலாம் என்ற ஓட்டையை அடைக்க வந்தது இது. என்னிடம் பிட்லாக்கரே கிடையாது. கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு மாற்றுகிற வேலை. அம்மா வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னாள்: "ஓடிக்கினுதானடா கீது? இன்னாத்துக்கு அத்தப் போட்டு நோண்டிக்கினு கீற?" பதில் இல்லை. ஆனால் லிஸ்டில் சிவப்பாக ஒன்று நின்றால் எனக்குச் சோறு இறங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் நான்காம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி டிடிஆர்3 ராம். 2016-ல் போட்ட விண்டோஸ். 2019-ல் அதை அப்படியே 240 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தேன். அங்கேதான் நான் சறுக்கினேன். புதிதாக இன்ஸ்டால் செய்யச் சோம்பல்பட்டு, பழைய வரிசையை அச்சுப் பிசகாமல் கொண்டுவந்துவிட்டேன்.

டிஸ்க்கைப் பிரிக்க உதவும் டிஸ்க்பார்ட் கமாண்டில் பார்ட்டிஷன் லிஸ்டைப் போட்டால் எல்லாரும் சைஸைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஆஃப்செட், அதாவது ஒவ்வொன்றும் டிஸ்க்கில் எங்கே ஆரம்பிக்கிறது என்பது. என்னுடையதில் முதலில் ரெக்கவரி 499 எம்பி, அடுத்தது மெஷின் கிளம்புவதற்கான இஎஃப்ஐ 100 எம்பி, அப்புறம் 16 எம்பி ரிசர்வ்டு, கடைசியில் மீதி 222 ஜிபியும் சி டிரைவ். எங்கள் பக்கத்து ஒண்டுக்குடித்தனம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வாசலை ஒட்டிய முதல் போர்ஷனைப் பெரிதாக்க வேண்டும், ஆனால் அதன் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடித்தனம். இடிக்க முடியாது. கிடைக்கிற வழிமுறைகளில் பாதி, ரெக்கவரி போர்ஷன் சி டிரைவுக்குப் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியவை. அதைப் பார்த்து சி டிரைவில் 250 எம்பி குறைத்தால், அந்த 250 கொல்லைப்புறத்தில் காலியாகக் கிடக்கும், முன்போர்ஷனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். செய்துவிட்டு அப்டேட்டை அழுத்தினேன். 80070643.

ஆக, முன்போர்ஷனை விட்டுவிட்டுக் கொல்லையில் புதிதாக ஒன்று கட்ட வேண்டும். ஒரு ஜிபி என்று முடிவு செய்தேன். இங்கிருந்துதான் மூன்று ராத்திரி போயிற்று.

சி டிரைவில் 90 ஜிபி சும்மா கிடக்கிறது. ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்று 'ஷ்ரிங்க் குவெரிமேக்ஸ்' கமாண்டில் கேட்டால், இனி 41 எம்பிதான் தருகிறேன் என்கிறது. காரணம், டிரைவின் கடைசியில் எங்கோ நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது எந்த ஃபைல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஷ்ரிங்க் முயற்சி செய்த கையோடு, விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் லாகில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். வழி மறிக்கும் ஃபைலின் பெயர் அதில் அப்படியே இருக்கும். இது தெரியாமல் முதல் ராத்திரி முழுக்க, பழைய ஹார்ட்டிஸ்க்குக்குச் செய்கிற மாதிரி ஃபைல்களை அடுக்கி வைக்கும் டீஃப்ராக் ஓட்டிக்கொண்டிருந்தேன். எஸ்எஸ்டியில் டீஃப்ராக்! யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

முதல் ஆள் ஹைபர்ஃபில், மெஷின் ஹைபர்னேஷனில் தூங்கும்போது ராமில் இருப்பதை எழுதி வைக்கும் ஃபைல். ஹைபர்னேஷனை ஆஃப் செய்தேன், 41 எம்பி 388 ஆயிற்று. அடுத்த 259-ல், ராம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ் ஃபைல். அதையும் ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து கேட்டால் 912. நியாயமாகப் பார்த்தால் அதுவே போதும். பழைய 499-உடன் 250 சேர்த்தால் 749தான் வருகிறது. ஆனால் 1024 என்று நோட்டில் எழுதிவிட்டேனே. மறுபடி 259. இந்தத் தடவை சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், அதாவது ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைத்த பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள். சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்தி அவற்றை அழித்ததும், அடைத்துக்கொண்டிருந்த சாக்கடையில் மூங்கில் விட்டுக் குத்தியது மாதிரி முப்பது ஜிபிக்கு மேல் திறந்துகொண்டது.

அடுத்தது, ரெக்கவரியை ஆன், ஆஃப் செய்யும் ரீஏஜென்ட்-சி கமாண்டில் டிஸேபிள். அதைக் கொடுத்ததும், ரெக்கவரி மொத்தமும் அடங்கிய வின்ஆர்ஈ டாட் விம் என்ற ஃபைல் சி டிரைவின் சிஸ்டம்32-க்குள் இருக்கும் ரெக்கவரி ஃபோல்டருக்குத் திரும்ப வர வேண்டும். வந்ததைப் பார்க்காமல் பழைய பார்ட்டிஷனில் கை வைக்கவே கூடாது. பார்த்தேன். இல்லை. வயிற்றைக் கலக்கியது. ஐந்தரை ஜிபிக்கு மேல் இருக்கும் விண்டோஸ் இன்ஸ்டால் ஐஎஸ்ஓவை இறக்கி, அதற்குள் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம்மை செவன்-ஜிப்பில் திறந்து, உள்ளே ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கி அந்த ஒரு ஃபைலை உருவி எடுத்தேன். காப்பி செய்யப் போனால், 'இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா' என்று கேட்கிறது! மறைத்து வைத்த ஃபைல், ஃபைல் லிஸ்டைக் காட்டும் டிஐஆர் கமாண்டைச் சும்மா அடித்தால் தெரியாது, பின்னால் ஏ சுவிட்ச் போட வேண்டும். இருபது வருஷமாக கமாண்ட் பிராம்ப்ட்டில் புழங்குகிறவன் நான்.

ஷ்ரிங்க் முடிந்து புதுப் பார்ட்டிஷன் போடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் காப்பாற்றியது. ஆடி மாதம்தான் பேட்டரி மாற்றியிருந்தேன். 12 வோல்ட், 7 ஏஎச், சாதாரணமாக எங்கும் கிடைப்பதுதான். ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள், கேட்டால் கொஞ்சம் குறைப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. அங்கே ஒரு டிபி எஸ்எஸ்டியும் விசாரித்தேன். விலையைக் கேட்டுவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

புதுப் பார்ட்டிஷனுக்கு ரெக்கவரி என்று முத்திரை குத்த ஒரு ஐடி அடிக்க வேண்டும். கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. காப்பி பேஸ்ட் செய்யலாம். நான் நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அடித்தேன், அது வீம்பு. ஐடி சரியாக விழுந்த சந்தோஷத்தில் அதற்கு அடுத்து வரும் ஜிபிடி ஆட்ரிபியூட்ஸ் வரியை விட்டுவிட்டேன். அந்த வரிதான் 'இதற்கு டிரைவ் எழுத்து கொடுக்காதே' என்று சொல்வது. விட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் அக்கா மகள், "மாமா, புதுசா ஈ டிரைவ் வந்திருக்கு, என் காலேஜ் பிபிடிலாம் அதுல போட்டுக்கட்டா?" என்று கேட்டாள். கேட்கும்போதே மூன்று ஃபைல் போட்டாயிற்று. அவற்றை எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, அந்த வரியையும் அடித்து ஈ டிரைவை மறைத்தேன்.

ரீஏஜென்ட்-சி எனேபிள். அப்புறம் இன்ஃபோ. 'ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்5' என்று வந்தது. கொல்லைப்புற வீட்டுக்குப் பால் காய்ச்சியாயிற்று. அப்டேட்டை அழுத்தினேன். எப்போதும் கொஞ்ச தூரம் போய் நின்று முழித்துவிட்டுத் திரும்புகிற சதவீதம், இந்தத் தடவை நிற்காமல் போயிற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முன்போர்ஷன் 499 எம்பி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. இடித்தாலும் பக்கத்தில் யாருக்கும் சேராது, அதனால் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்கலாம். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். நான்காம் தலைமுறை ஐ5-இல் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது, எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பைபாஸ் செய்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் மனசில்லை. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு லைவாக ஓட்டிப் பார்த்தேன். வைஃபை உடனே எடுத்தது. தமிழ்99 விசைப்பலகையைத்தான் இன்னும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை, புள்ளி ஒரு இடத்தில் விழுகிறது, இன்னொரு இடத்தில் விழ மாட்டேன் என்கிறது. அதை அடுத்த தடவை எழுதுகிறேன். ஏற்கெனவே நோட்டில் இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

ஹைபர்னேஷனைத் திரும்ப ஆன் செய்யப் போவதில்லை. ரீஸ்டோர் பாயின்ட் மறுபடி ஆன் ஆயிற்று. பேஜ் ஃபைலைத் திரும்பப் போட மறந்தது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. நேற்று சாயங்காலம் பிபிடி பாதியில் இருக்கும்போது பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறது என்று அக்கா மகள் கத்தினாளே, அது இதனால்தான் போலிருக்கிறது.