கும்பிட்ட கை

எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மிசினுக்குக் காவல் சாமியான ரோதமுனியைக் கொழுந்து உருட்டும் ரோலர் அறையிலிருந்து வெளியே கொண்டுபோய் வைத்ததில் எனக்கு இன்றும் குழப்பம் இல்லை. வைக்கத்தான் வேண்டியிருந்தது. எண்ணெயும் சந்தனமும் ஏறிய கல், எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கரி, ஒரு கிண்ணத்தில் துண்ணூறு, அதாவது திருநீறு. இத்தனையும் முதலாம் நம்பர் ரோலருக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஐ.எஸ்.ஓ. 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழை நினைத்தே பார்க்க முடியாது. என்னை விடாமல் பிடித்திருப்பது அதையொட்டி நடந்த ஒரு பேச்சு. முழுதாக ஒரு நிமிடம் இருக்காது.

பேசச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். ஸ்டோரில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு அடுத்த ஆள் நான், அதோடு தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்திலேயே பிறந்தவன். "நீ சொன்னா கேப்பாங்க" என்றார் தோட்டத்து மேனேஜரான தொரை. முனிக்குத் தினமும் விளக்கு வைப்பவர் ரோலரில் நிற்கும் பெரியவர். எனக்கு மாமா முறை. அவருடைய அப்பாவும் ரோலரில் நின்றவர். மிசினில் கை மாட்டாமல் காப்பது முனிதான் என்று இரவு வேலைக்கு வருகிற எல்லாருமே நம்புகிறார்கள். மிசினை ஓட்டும் ரோதை, அதாவது சக்கரம், தண்ணீரில் சுற்றிய காலத்திலிருந்து தொடர்ந்து வரும் காவல்.

பழைய ரோதைக் குழிக்குப் பக்கத்தில் இடம் பார்த்திருந்தேன். தகரம் போட்டுத் தருவதாகத் தொரையும் ஒப்புக்கொண்டிருந்தார். சண்டை வரும் என்று பயந்துகொண்டுதான் போனேன். வரவில்லை. "அதுவும் முனி எடந்தானே தம்பி" என்று அவரே சொன்னார். பிறகு கேட்டார்:

"வெளிய கும்பிட்டு, துண்ணூறு பூசிக்கிட்டு உள்ள வரலாமா?"

"உள்ள வரும்போது மூஞ்சி, கை கழுவிறணும் மாமா."

"அப்ப மொதல்ல கழுவிட்டு, பெறகு கும்பிட்டா?"

"கும்பிட்டாலும் திரும்பக் கழுவணும். கடைசியா கழுவுறதுதான் கணக்கு."

மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறைப் பார்த்தார். அதையும் கழற்ற வேண்டியிருக்கும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவருக்கே விளங்கியிருக்க வேண்டும்.

"சரிங்கய்யா. அப்ப கழுவுறதையே கும்பிடுறதா வச்சிக்கிறேன்."

அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டார். அந்த வார்த்தையை எந்தக் குரலில் சொன்னார் என்பதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். தோற்றுப்போன ஆளின் குரலாகவும் கேட்கிறது, எனக்கு ஓங்கி விட்ட அறையாகவும் கேட்கிறது. சில நாட்களில் இந்த இரண்டும் இல்லை. எந்தச் சாமியார் மடத்திலும் கிடைக்காத ஒன்றை மனிதர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது போலத்தான் இருக்கிறது.

ஏனென்றால் சொன்னதை அவர் செய்தார். ரோலர் ஓடத் தொடங்குவது விடியப்புறம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்து மார்கழித் தண்ணீரில் விரலை வைத்தவுடன் இழுத்துக்கொள்ளத் தோன்றும். எல்லாரும் நனைத்தேன் துடைத்தேன் என்று ஓடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சவுக்காரம் போட்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பார். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டில் கயிறு இருந்த இடம். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் 20 செக்கன் என்கிறது. அவர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் அவசரப்படுத்தியது கிடையாது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். செடியிலிருந்து கோப்பை வரைக்கும் தேயிலையை யாரும் கழுவுவதே இல்லை. பறித்த கொழுந்து வாடும், உருளும், புளிக்கும், அடுப்பில் காயும், சல்லடையில் பிரியும். தண்ணீர் அதன் மேல் படுவது குடிக்கிறவர் கொதிநீர் ஊற்றும்போதுதான். இடையில் அதைத் தொடுகிற ஒவ்வொரு கையும் யாரோ முகம் தெரியாத ஒருவரின் வாய்க்குப் போகிறது. இன்னொன்று, தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து 3 சதவீத ஈரத்தோடு வெளியே வரும் தூளுக்கு அப்படி ஒரு தாகம். சூட வாசம் ஏறிய தூளை, 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போகும் முன்பே, சுவைபார்ப்பவர் ஒரு மிடறு உறிஞ்சித் துப்பிவிட்டுக் கண்டுபிடித்துவிடுவார். புளிப்பு பதம் வந்துவிட்டதா என்று நானும் மூக்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறேன். அந்த மூக்கில் சாம்பிராணி நிறைந்திருந்தால் என் வேலை கெட்டது. வாங்குகிறவன் சான்றிதழ் கேட்கிறான், இல்லையென்றால் வேறு ஸ்டோருக்குப் போகிறான். மூடிக்கிடக்கும் ஸ்டோர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆயுத பூஜையன்று இன்றும் ரோலருக்குச் சந்தனம் வைக்கிறோம், முழுக்கக் கழுவிய பிறகுதான் ஓட்டுகிறோம். சாமியை யாரும் விரட்டவில்லை.

கழுவுவதும் நமக்குப் புதிதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. மார்கழிப் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரைக்கும் நல்லதண்ணி ஊர் வழியாகச் சிவனொளிபாத மலை ஏறுகிறவர்கள் சீத கங்குல ஓடையில் முகம் கை கழுவாமல் மேலே போவதில்லை. மாமாவும் சீசன் தவறாமல் ஏறுகிறவர். அப்படியானால் அவருக்கு இது பழகிய காரியம்தானே? நல்ல சமாதானம்தான். ஆனால் ஒருநாள் தொட்டியருகே நின்றபோது அது அப்படியே கவிழ்ந்துவிட்டது. சீத கங்குலவில் கழுவுவது சாமியிடம் போவதற்கு. நாங்கள் இங்கே கழுவச் சொல்வது நெற்றியில் இருப்பதைத் துடைத்துவிட்டு வருவதற்கு. ஒரே தண்ணீர்தான், போகிற திசை வேறு.

அதைவிடவும் குத்துவது இது. மாமாவின் மகள் மலையில் கொழுந்தெடுக்கிறாள். அவர் உருட்டுகிற கொழுந்தில் அவள் பறித்ததும் இருக்கும். மலையில் கை கழுவ ஒரு குழாய் கிடையாது, ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அட்டை கடித்த இரத்தத்தை இடுப்பில் கட்டிய படங்கில் துடைத்துவிட்டு அந்தக் கையோடுதான் அடுத்த கொழுந்தைக் கிள்ள வேண்டும், அந்தக் கையோடுதான் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன வேண்டும். சுத்தம் அவ்வளவு பெரிய விசயமென்றால் அது ஏன் ஸ்டோர் வாசலில் தொடங்குகிறது? மேலிடத்தில் கேட்டேன். பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம் என்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்கிடையில் எனக்குள் ஒன்று நடந்துவிட்டது. அவரைப் பார்த்துப் பார்த்து, நானும் நின்று கழுவத் தொடங்கினேன். இப்போது என் நாளில் மனம் ஒரு இடத்தில் நிற்கும் நேரம் அதுதான். குடிக்கப்போகிறவரை நினைத்துக்கொள்கிறேன், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று. கோயிலில் கண்மூடி நிற்கும்போது கூட வராத அமைதி அந்தக் குளிர்ந்த தண்ணீரில் வருகிறது. பொய்யாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருகிறது. ஆனால் அந்த அமைதிக்குள் கை வைத்தால் முள் இருக்கிறது. சட்டத்தைச் சொன்னவன் நான், விட்டுக்கொடுத்தவர் அவர், ஆறுதல் எனக்குக் கிடைக்கிறது. வேறு வழியில்லாமல் ஒருவர் சொன்னதை நான் ஞானமாக எடுத்துவைத்துக்கொள்கிறேனோ? வழியில்லாத இடத்திலிருந்து ஞானம் வரக்கூடாது என்று யார் சொன்னது என்றும் உடனே தோன்றுகிறது. நம் பாட்டன் பூட்டன் சாமியெல்லாம் அப்படி வழியில்லாத இடத்தில் நட்ட கல்தானே.

ஓடிட் என்கிற தணிக்கைக்கு வந்தவர் மாமா கை கழுவியதைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் இவரையே செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார். குறிப்பேட்டிலும் நல்லதாக எழுதினார். மாமா என்ன செய்கிறார் என்பதை நான் விளக்கப் போகவில்லை. விளக்கியிருந்தால் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலியில் மாமாவைக் கண்டேன். கையில் கயிறு இல்லை, வேலையில்லாத நாளிலும். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "மாமா, அன்னைக்குச் சொன்னீங்களே, கழுவுறதையே கும்பிடுறதா வச்சிக்கிறேன்னு. நெசமாவே அப்படி நெனச்சுத்தான் கழுவுறீங்களா?"

"நானா? எப்ப சொன்னேன்?"

சொன்ன இடம், நேரம் எல்லாம் சொன்னேன். சிரித்தார். "நல்லாத்தான் சொல்லியிருக்கேன் தம்பி."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு நிக்கிறீங்களே?"

"தண்ணி அப்படிக் குளுருதே."

மறைக்கிறாரா, மறந்தே விட்டாரா, என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை. நான் கழுவும்போது கும்பிடுவதை நிறுத்தவும் இல்லை. அவரிடமிருந்து வாங்கியது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கொடுத்ததாக அவருக்கே நினைவில்லையென்றால், நான் அதை யாரிடமிருந்து வாங்கினேன்?