கடைசி இரண்டு விரற்கடை

முனிக்கில் குடியேறிய புதிதில், கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை காலை பால்கனிக்குக் கூப்பிட்டு, வைஸ்பியர் என்னும் கோதுமை பீர் பாட்டில் ஒன்றையும் உயரமான கிளாஸையும் கையில் கொடுத்தார். டீ ஆற்றுவதைப் பார்த்து வளர்ந்த கை இது. கிளாஸை நிற்க வைத்து மேலேயிருந்து ஊற்றினேன். கால் கிளாஸ் பீர், முக்கால் கிளாஸ் நுரை, மீதி மேஜை விரிப்பிலும் என் பேண்டிலும். பெரியவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் துணி எடுத்து வந்தார், கூடவே இன்னொரு பாட்டிலும்.

அன்று அவர் காட்டியதைத்தான் இன்றும் செய்கிறேன். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஈரத்தோடே எடுக்க வேண்டும். காய்ந்த கிளாஸில் நுரை எகிறிவிடும். நன்றாகச் சாய்த்து, உள்சுவரை ஒட்டி எண்ணெய் வார்ப்பது போல விடவேண்டும். நிறைய நிறைய நிமிர்த்திக்கொண்டே வரவேண்டும். பாட்டிலில் இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும்போது நிறுத்திவிடவேண்டும். ஈஸ்ட் அடியில் படிந்து கிடப்பது அங்கேதான். பாட்டிலை நாலு சுற்றுச் சுழற்றிக் கலக்கி அதையும் மேலே விட்டால், கிளாஸ் முழுக்கக் கலங்கி மஞ்சளாகிறது. இதற்கு ஹெஃபேவைட்சன் என்றும் பேர்; ஹெஃபே என்றால் ஈஸ்ட், வைட்சன் என்றால் கோதுமை. பேரிலேயே இருப்பதைப் பாட்டிலோடு தூக்கிப் போட்டால் எப்படி?

முதல் மடக்கில் கனிந்த வாழைப்பழ வாசம் வந்தது, பின்னாலேயே கிராம்பு. எசன்ஸ் கலக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒன்றும் கலப்பதில்லை, இரண்டுமே ஈஸ்டின் வேலை. மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்கவேண்டும் என்பது இங்கே விதி. ஐஸ் போலக் குளிரவைத்தால் அந்த வாசமெல்லாம் அடங்கிவிடும். ஏழெட்டு டிகிரி போதும்.

இத்தனைக்கும் 1516-இல் முனிக் இருக்கும் பவேரியா போட்ட சட்டப்படி பீருக்கு பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் மட்டும்தான். ஆனால் ஒரு பிரபுக் குடும்பத்துக்குக் கோதுமை பீர் காய்ச்ச விசேஷ உரிமை இருந்தது. அந்த வம்சம் அற்றுப்போனதும் 1602-இல் மாக்ஸிமிலியன் கோமகன் உரிமையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் அரண்மனைக்கு நல்ல காசு. ஊருக்குத்தான் உபதேசம்! 1872-இல்தான் கெயோர்க் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையை வாங்கித் தனியாகக் காய்ச்ச ஆரம்பித்தார். அவர் பெயரிலுள்ள பீர் இன்றும் எங்கள் தெருக்கடையில் கிடைக்கிறது.

எலுமிச்சைத் துண்டு போடலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். பெரியவர் பதிலே சொல்லவில்லை, என் கிளாஸைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். ஈஸ்டை வடிகட்டிவிட்ட கிறிஸ்டால் வகை கோதுமை பீரில் சிலர் போடுவதுண்டு; ஆனால் எலுமிச்சை பட்டால் நுரை செத்துவிடும், அதுதான் அவருக்கு ஆகாது. கிளாஸைத் தட்டும்போதும் அடிப்பாகத்தைத்தான் தட்டவேண்டும், கண்ணாடி கனமாக இருப்பது அங்கே. மதியத்துக்குள் வெள்ளைச் சாஸேஜ், இனிப்புக் கடுகு விழுது, பிரெட்செல் என்னும் முடிச்சு ரொட்டி என்று இதற்குத் துணையாக ஒரு வரிசை உண்டு. நான் சைவம், எனக்கு பிரெட்செலும் கடுகும் போதும்.

போன மாதம் அத்தை பையன் திருச்சியிலிருந்து வந்திருந்தான். "நானே ஊத்துறேன் மச்சான், இதிலென்ன இருக்கு?" என்றான். சரி என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக உள்ளே போய்த் துணி எடுத்து வந்தேன்.