அப்பாவும் பத்து மாடிக் கப்பலும்

ஜனவரி 27, குளச்சல்

கொச்சியிலிருந்து இலட்சத்தீவு அகத்திக்குப் போய்த் திரும்பும் கப்பலில் டிக்கெட் போட்டாச்சு. நாற்பது வருசம் வள்ளத்தில் போன அப்பாவுக்கு இதுதான் முதல் சொகுசுக் கப்பல். "காசு குடுத்துக் கடலுக்குப் போற ஆளு நீதான் மக்களே" என்றார்.

பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் தீவில் இறங்க நுழைவு அனுமதி வேண்டும். ஆதாரில் அப்பாவுக்கு வெறும் இனிஷியல், டிக்கெட்டில் நான் விரித்து அடித்த பெயர். சரிசெய்ய இரண்டு நாள் அலைச்சல். ஆதாரில் இருப்பதை எழுத்து மாறாமல் அடியுங்கள்.

பிப்ரவரி 2, கன்னியாகுமரி

கடப்புறத்தில் பிறந்தும் படகேறினால் எனக்குக் குமட்டும். அதனால் ஒரு வெள்ளோட்டம்: பொதிகை படகில் விவேகானந்தர் பாறை. ஏறி உட்கார்ந்ததுமே வயிறு புரண்டது. "காலடியில பாக்காத, தூரத்துல கரையப் பாரு" என்றார் அப்பா. பார்த்தேன், அடங்கியது.

பாறையிலிருந்து 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே வள்ளுவர் சிலைக்குப் போனோம். முன்பெல்லாம் நீர்மட்டம் இறங்கினால் அங்கே படகு விடமாட்டார்கள்.

திரும்பியதும் கப்பல்காரர்களுக்குப் போன் போட்டு அறையை மாற்றினேன். கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. முன்னும் பின்னும்தான் தூக்கிப் போடும். நடு அவ்வளவு ஆடாது.

பிப்ரவரி 8, கப்பலில்

நேற்றே நாகர்கோவிலில் ரயிலேறி எர்ணாகுளத்தில் தங்கிவிட்டோம். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அதில் புத்திசாலி, இன்னொன்றில் மடச்சி: அப்பாவின் பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டேன். பெட்டி அறைக்கு வந்தபோது ராத்திரி ஒன்பது.

கிளம்புமுன் உயிர்காப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. சுற்றிலும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் ஜாக்கெட்டின் ஒவ்வொரு வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். 2017 ஒக்கியில் அவர் கூட்டாளிகள் இரண்டு பேர் கரை திரும்பவில்லை. நானும் போனை உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 9, அகத்தி

பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம். சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போகணும். முட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து ஆடும்போதுதான் காலெடுத்து வைக்கணும். பணியாளர் கை நீட்டுமுன் அப்பா தாவிவிட்டார். அந்தப் பையனுக்கு உயிர் போய் வந்தது.

கரையில் எல்லாரும் குளித்தார்கள். அப்பா படகுக்காரரோடு மலையாளத்தில் சூரை மீன் பேசினார். இங்கே சூரைக்கு வலை போடுவதில்லை. உயிரோடிருக்கும் பொடிமீனை இரையாக வீசி, கூட்டம் மேலே வந்ததும் கம்பும் தூண்டிலுமாகத் தூக்குகிறார்கள். வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்தால் மாசி. கால் கிலோ வாங்கினோம். பேச்சு முடியாமல் கடைசிப் படகுக்கு ஓடவேண்டியதாயிற்று.

பிப்ரவரி 12, குளச்சல்

கப்பலைப் பற்றி அப்பாவிடம் எல்லாரும் விசாரிக்கிறார்கள். நீச்சல்குளம், லிஃப்ட், மேடை நடனம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. முதல் ராத்திரி சாப்பாட்டில் முள்ளில்லாத வெள்ளை மீன் வைத்தார்கள். என்ன மீன் என்று சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். பாசா. வியட்நாமில் வளர்க்கும் ஆற்று மீன்.

"அரபிக்கடலுக்கு நடுவுல வச்சு ஆத்து மீனத் தின்ன வச்சிட்டானுவ" என்று ஏலம் போடும் இடத்தில் இன்று நாலாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.